கோயிலுக்குப் போக நேரமில்லாதவங்க வாசல்லயே கும்பிடுறது எப்படி

நம்ம ஊர்ல அரசமரத்தடி பிள்ளையார் இல்லாத ஏரியாவே கிடையாது, ஆனா அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்தவங்க எத்தனை பேர்னு கேட்டா பதில் வராது. சுத்தி வருவோம், மஞ்சக் கயிறு கட்டுவோம், வேர்ல பால் ஊத்துவோம், விளக்கேத்தி எண்ணெய் வழிய விடுவோம், கொஞ்சம் காசு சேர்ந்துச்சுன்னா கமிட்டி போட்டு மரத்தைச் சுத்தி சிமெண்ட் மேடை கட்டி மேல டைல்ஸ் ஒட்டி உபயம்னு பேரையும் பொறிச்சிடுவோம். மேடை வந்ததுக்கு அப்புறம் வேருக்குத் தண்ணியும் சரியா இறங்காது காத்தும் போகாது, கொஞ்ச வருஷத்துல ஒரு பக்கக் கிளை காய ஆரம்பிச்சா சாமி குத்தம்னு பரிகாரம் கேக்கப் போயிடுவோம். பக்திக்கு நம்மகிட்ட குறைச்சலே இல்லங்க. பார்க்குறதுக்குத்தான் யாருக்கும் நேரம் இல்ல.

நான் சொல்ல வர்றது இவ்ளோதான். புனிதம், தெய்வீகம், எந்தப் பேர்ல வேணா கூப்பிடுங்க, சாமி நம்பிக்கை இல்லாதவங்க மன நிறைவுன்னு வச்சுக்கங்க, அது தினப்படி வாழ்க்கையில கிடைக்கணும்னா முதல்ல ஒரு உயிரை நல்லா பார்க்கப் பழகணும், பார்த்த பிறகு அதுக்கு என்ன தேவையோ அதை மட்டும் செய்யணும். இந்த ஆர்டர் மாறக் கூடாது. பார்க்காம செய்யுற கருணை பெரும்பாலும் நம்ம மனசு குளிர்றதுக்குத்தான் ஆகும், அந்தப் பக்கம் இருக்குற உயிருக்கு சில நேரம் ஆபத்தாவே முடியும், அதையும் கீழ சொல்றேன்.

ஒரு மரத்தைப் பிடிங்க

வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவுல, இல்ல ஆபீஸ் பார்க்கிங்ல, எப்படியும் தினமும் கடந்து போற ஒரு மரத்தை எடுத்துக்கங்க. ஒண்ணே ஒண்ணு போதும். பார்க்குக்குப் போய் நூறு மரத்துக்கு நடுவுல நடக்கணும்னு ப்ளான் போட்டீங்கன்னா ரெண்டு ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிரும். அழகான மரமா, கோயில் மரமா இருக்கணும்னு அவசியமே இல்ல. வேம்பு, புங்கை, வாதாமரம், தூங்குமூஞ்சி, எது இருக்கோ அது. கரண்ட் கம்பியில உரசுதுன்னு ஒரு பக்கம் வெட்டி மொட்டையாக்குன மரமா இருந்தா இன்னும் நல்லது, வெட்டுன இடத்துல இருந்து என்ன கிளம்பி வருதுன்னு பார்க்கலாம்.

தினமும் அஞ்சு நிமிஷம், மொபைல் பாக்கெட்லயே இருக்கட்டும். போட்டோ கூட வேண்டாம், போட்டோ எடுத்தா கண்ணு தன் வேலைய மொபைல்கிட்ட ஒப்படைச்சிட்டு ஒதுங்கிக்கும். முதல் வாரம் கொஞ்சம் கூச்சமா இருக்கும், எதிர்வீட்டு அக்கா கேட்டைத் திறந்து "என்ன தம்பி, பாம்பு கீம்பு ஏறிருச்சா"ன்னு கேப்பாங்க, "சும்மா பார்க்குறேன்க்கா"ன்னா அவங்களும் வந்து ரெண்டு நிமிஷம் அண்ணாந்து பார்த்துட்டுப் போவாங்க, அதுவும் லாபம்தான்.

எப்படிப் பார்க்குறதுன்னு கேட்டா, கீழ இருந்து ஆரம்பிங்க. அடிமரத்துல ஏதாவது ஒரு எறும்பு ஏறிட்டிருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டு கண்ணு போற தூரம் வரை கூடவே போங்க. தியான வகுப்புல எல்லாம் மூச்சைக் கவனின்னு சொல்றாங்க, அது நல்ல வழிதான், நிறைய பேருக்கு செட் ஆகுது, எனக்கு என்னவோ மூச்சைக் கவனிச்சா அடுத்த மாச இஎம்ஐ ஞாபகம்தான் வருது, எறும்பைக் கவனிச்சாத்தான் மனசு நிக்குது. எறும்பு நின்னு இன்னொரு எறும்போட மீசைய உரசிட்டுப் போகும் பாருங்க, அந்த இடத்துல நீங்களும் நின்னிருப்பீங்க, மனசு எங்கயும் ஓடியிருக்காது.

புங்கை மரம் கிடைச்சவங்களுக்கு யோகம். மாசி வாக்குல இலை எல்லாம் பழுத்து உதிர்ந்து, பங்குனியில ஒரே வாரத்துல பளபளன்னு இளம்பச்சைய கொட்டும், சித்திரை வெயில்ல மத்ததெல்லாம் வாடி நிக்குறப்ப தெருவுலயே அடர்த்தியான நிழல் அதுக்குக் கீழதான் இருக்கும். அப்புறம் பூ, வெள்ளையும் ரோஸும் கலந்த சின்னப் பூ, காலையில வந்தா தரையெல்லாம் பொரி கொட்டிக் கிடக்குறாப்ல இருக்கும், மேல தேனீ இரைச்சல் காதுல விழும். இலைய ஒன்னு திருப்பிப் பாருங்க, மேல சின்னச் சின்ன முடிச்சா மொட்டு மொட்டா நீட்டிட்டு இருக்கும், நோய்னு நினைச்சு மருந்தடிக்கச் சொல்றவங்க உண்டு, அது கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப்பேன் வகை உள்ள குடியிருக்குறதுக்காக இலைய வச்சே கட்டிக்கிட்ட வீடு. மரம் அதனால சாகாது. அத்தனை குடித்தனத்தையும் வச்சுக்கிட்டே அடுத்த வருஷமும் தளிர் விடும்.

மாமரம், நாவல் மரம் இருக்குற வீடுன்னா முசுறு இருக்குதான்னு பாருங்க, அதாங்க சிவப்பா, கடிச்சா உயிர் போற எறும்பு. உயிரோட இருக்குற இலைகளைச் சேர்த்து உருண்டையா கூடு கட்டி வச்சிருக்கும். அது எப்படி ஒட்டுதுன்னு ஒருநாள் கிட்டத்துல (ரொம்ப கிட்டத்துல வேண்டாம்) நின்னு பார்த்தா அசந்து போவீங்க. ஒரு வரிசை எறும்பு ரெண்டு இலையோட ஓரத்தையும் காலாலயும் வாயாலயும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கும், வேற எறும்புங்க கூட்டுக்குள்ள இருந்து தங்களோட புழுக்களைத் தூக்கிட்டு வந்து, அந்தப் புழு வாயில இருந்து வர்ற பட்டு நூலை வச்சு இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் மாத்தி மாத்தி தொட்டுத் தச்சுக்கிட்டே போகும். இது நம்ம கொல்லையில நடக்குது, நாம உள்ள உக்காந்து ரீல்ஸ் பார்த்துட்டு இருக்கோம்.

வேம்புன்னா சித்திரையில ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அடியில போய் நின்னு மூச்சை இழுங்க, பகல்ல இல்லாத வாசனை அப்ப வரும். ஆனி ஆடியில பழம் பழுத்து காக்காவும் மைனாவும் சதைய தின்னுட்டு கொட்டைய போடுற இடத்துலதான் தெருவெல்லாம் வேப்பங்கன்னு முளைக்குது, அதுல முக்காவாசி யாரும் நட்டதே கிடையாது.

அரசு, ஆல், அத்தி இதெல்லாம் வேற கதை. பூவே கண்ணுல படாது, ஏன்னா பூவெல்லாம் அந்தக் காய்க்குள்ளயே இருக்கு. ஒவ்வொரு வகைக்கும்னு தனியா ஒரு குட்டிக் குளவி இருக்கு, கொசுவ விடச் சின்னது, அது காயோட நுனியில இருக்குற ஓட்டை வழியா முட்டி மோதி உள்ள போய்த்தான் மகரந்தம் சேரும், போற வழியில றெக்கை பிய்ஞ்சு போறதும் உண்டு, உள்ளயே முட்டை வச்சிட்டு அங்கயே செத்தும் போயிடும். இப்படி காய்க்குற மரம், மத்த மரத்துல பழமே இல்லாத மாசத்துல கூட எங்கயாவது ஒன்னு பழுத்து நிக்கும், அதை நம்பி குக்குறுவான், மைனா, குயில், வௌவால், அணில்னு ஒரு ஊரே இருக்கு. அரசமரம் சுத்துற பழக்கம் இருக்கவங்க சுத்துங்க, வேண்டாம்னு சொல்லல, அடுத்த தடவை ரெண்டு சுத்துக்கு ஒருக்க நின்னு மேல பாருங்கன்னுதான் சொல்றேன். எண்ணெயும் பாலும் வேர்ல ஊத்தாம ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. உங்க ஏரியா கமிட்டியில செல்வாக்கு இருந்தா அந்த டைல்ஸ்ல கொஞ்சத்தை எடுத்துட்டு மரத்தைச் சுத்தி நாலடிக்காவது மண்ணு விடச் சொல்லுங்க, அதைவிடப் பெரிய பரிகாரம் எனக்குத் தெரியல.

மண் சட்டியில தண்ணி

இது எல்லாரும் மார்ச் மாசம் வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு பண்ற விஷயம்தான், ஆனா வைக்கிற விதத்துல நிறைய கோளாறு இருக்கு.

சட்டி ஆழமா இருக்கக் கூடாது, ரெண்டு விரக்கடை ஆழம் போதும், குழம்பு வைக்கிற சட்டியெல்லாம் ஆழம், குருவி, அணில் குட்டி விழுந்தா ஏற முடியாது. பூந்தொட்டிக்கு அடியில வைக்கிற அகலமான மண் தட்டு இருக்குல்ல, அதுதான் கரெக்ட். நடுவுல சொரசொரப்பான ஒரு கல்லு வைங்க, கல்லோட தலை தண்ணிக்கு மேல தெரியணும், தேனீயும் குளவியும் அதுல உக்காந்துதான் குடிக்கும், இல்லன்னா மூழ்கிச் செத்துரும். வெயில் நேரா விழாத இடம், பூனை பதுங்குற மறைவு பக்கத்துல இல்லாத இடம், இது ரெண்டும் பார்த்துக்கங்க.

அப்புறம் கொசு. டெங்கு பரப்புற கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை வைக்கும், முட்டையிலருந்து பறக்குற கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால தினமும் தண்ணி மாத்திட்டா பயமில்ல. ஆனா சும்மா கொட்டிட்டு ஊத்துறது பத்தாது, முட்டை தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல சட்டி ஓரத்துல ஒட்டிட்டு இருக்கும், காய்ஞ்சாலும் மாசக்கணக்குல சாகாம கிடக்கும். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்க தேங்கா நார் போட்டு ஓரத்தை அழுத்தித் தேய்ங்க. சோப்பு வேண்டாம்.

இந்தத் தேய்க்கிற வேலைதான் என்னைக் கேட்டா நிஜமான பூஜை. விளக்கு தேய்க்கிறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. காலையில காபி அடுப்புல இருக்குற நேரத்துல பால்கனியில குத்தவச்சு அந்தச் சட்டிய தேய்ச்சு, கழுவி, புதுத் தண்ணி ஊத்தி வச்சிட்டு, ரெண்டு நிமிஷம் உள்ள போகாம ஓரமா நில்லுங்க. யார் முதல்ல வர்றாங்கன்னு பாருங்க. பெரும்பாலும் காக்காதான். அது சும்மா குடிச்சிட்டுப் போகாது, எங்கயோ பொறுக்குன காஞ்ச வடை, ப்ரெட், சில சமயம் எலிவால் வரைக்கும் கொண்டு வந்து தண்ணியில முக்கி முக்கி ஊற வச்சுத் திங்கும், சட்டிய நாறடிச்சிட்டுத்தான் போகும். இங்கதான் பாதி பேர் சட்டிய எடுத்து உள்ள வச்சிடுறாங்க, குருவி வரும் கிளி வரும்னு வச்சோம் சனியன் காக்கா வருதுன்னு. அமாவாசையன்னைக்கு மட்டும் அது தாத்தா, மத்த நாள் சனியனா? வர்றவங்களுக்குத்தான் தண்ணி. பந்தியில ஆள் பார்த்துப் பரிமாறினா ஊரு என்ன சொல்லும்.

காக்காவைக் கவனிச்சிட்டே இருந்தீங்கன்னா கோடைக் கடைசியில ஒரு கூத்து பார்க்கலாம். குயில் தனியா கூடு கட்டாது, காக்கா கூட்டுலதான் முட்டை வைக்கும், இது ஸ்கூல்ல படிச்சதுதான், ஆனா ஒரு காக்கா தன்னோட குஞ்சே இல்லாத ஒன்னு முன்னாடி நிக்குது, அந்தக் குயில் குஞ்சு வாயை ஆன்னு திறந்து றெக்கைய நடுக்கிக்கிட்டு கத்துது, காக்கா எங்க பொறுக்கினதோ ஒரு உருண்டைச் சோறை அது தொண்டைக்குள்ள வச்சுத் திணிக்குதுன்னு நேர்ல பார்க்கிறது வேற. அது ஏமாந்து போய் செய்யுதா, பாசமா, இதுல தர்மம் எங்க இருக்குன்னு எல்லாம் மண்டைய உடைச்சுக்கலாம், நானும் உடைச்சிருக்கேன், பதில் இல்ல. பார்த்துட்டு இருக்குற நேரத்துக்கு கேள்வியே போதும்.

எறும்புக்குக் கோலம்

இதை ரொம்ப நீட்ட வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். அரிசி மாவுல போட்டா எறும்பு திங்கும், கல்லு மாவுல போட்டா கோலம் வெள்ளையா எடுப்பா இருக்கும், எறும்புக்கு ஒன்னும் இல்ல. ஃப்ளாட்ல இருக்கவங்க வாசல்ல நாலு புள்ளி வச்சாலும் போதும். போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாருங்க, எந்தப் பக்கத்துப் புள்ளி முதல்ல காணாம போகுதோ அந்தப் பக்கம்தான் புத்து இருக்கு.

குடுக்காம இருக்குறதும் கருணைதான்

இந்தப் பகுதிக்குத்தான் எதிர்ப்பு வரும்னு தெரியும், வரட்டும்.

மாடப்புறாவுக்கு மூட்டை மூட்டையா தானியம் கொட்டுறது புண்ணியம்னு நினைக்கிறோம். கொட்டக் கொட்டப் பெருகும், எச்சம் காஞ்சு தூளாகி காத்துல கலந்து தொடர்ந்து சுவாசிக்கிறவங்களுக்கு நுரையீரல் அலர்ஜி நோய் வரலாம், இது டாக்டருங்க ரொம்ப நாளா சொல்றது, வீட்ல வயசானவங்க இருந்தா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். குருவிக்குன்னு வைக்கிறதா இருந்தா கம்பு, தினை, நொய் இதுல ஒரு கைப்பிடி, அது காலி ஆனதுக்கப்புறம்தான் அடுத்தது.

அழகர்கோயில் மலையாகட்டும் கொடைக்கானல் ரோடாகட்டும், குரங்குக்கு பிஸ்கட் பாக்கெட்ட நீட்டாதீங்க. காட்டுல பழமும் இலையும் தேடித் தின்ன குரங்கு ரோட்டோரமே கதின்னு உக்காந்து வண்டியில அடிபட்டுச் சாகுறதுக்கு அந்த பிஸ்கட்தான் காரணம், அப்புறம் அதே குரங்கு பையப் பிடுங்கினா கம்பெடுத்துட்டுத் துரத்துறதும் நாமதான். கோயில் தெப்பக்குளத்துல மீனுக்குப் பொரி போடுறோம், ஒரு கை போட்டா சரி, ஊரே பாக்கெட் பாக்கெட்டா போட்டா மிச்சம் அழுகி தண்ணியில காத்தே இல்லாம போய் ஒருநாள் மீனெல்லாம் வெள்ளையா மிதக்கும். மாட்டுக்கு மிச்சச் சோறை கேரி பேக்ல போட்டு முடிச்சுப் போட்டு வைக்கிறவங்க தயவுசெஞ்சு பையப் பிரிச்சு கொட்டுங்க, மாடு முடிச்ச அவுத்துத் திங்காது, பையோட முழுங்கும், அது வயித்துல போய் சேர்ந்துக்கிட்டே இருக்கும், வெளிய வராது.

புத்துக்குப் பால் ஊத்துறதைப் பத்தி என்ன சொல்ல. பாம்பு பால் குடிக்காது. புத்தே பாம்பு கட்டினது இல்ல, கரையான் கட்டினது, பாம்பு காலியா கிடக்குற இடத்துல வந்து படுத்துக்கும். நாகம்மாவைக் கும்பிடணும்னா வீட்டுக்குள்ள வந்த பாம்பை அடிக்காம இருங்க, அதான் வழிபாடு. நிறைய நேரம் அது எலி பிடிக்க வந்த சாரையா இருக்கும், விஷமே கிடையாது. இருந்தாலும் சாரையா நாகமா கட்டுவிரியனான்னு நீங்களே முடிவு பண்ணிக் கையால பிடிக்கப் போகாதீங்க, ஒரு ஆள் தூரமா நின்னு கண்ணெடுக்காம பார்த்துட்டு, இன்னொரு ஆள் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் பண்ணணும். இதுல நம்மள விட பல மடங்கு தெரிஞ்சவங்க இருளர் பழங்குடி மக்கள், மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில அவங்க கூட்டுறவு சங்கம் 1978ல இருந்து இருக்கு, பாம்பைப் பிடிச்சு, விஷமுறிவு மருந்து தயாரிக்க விஷத்தை எடுத்துட்டு, திரும்பவும் காட்டுலயே விட்டுடுவாங்க. கடிச்சா நம்ம உயிரே போகக்கூடிய ஒரு பிராணிகிட்ட பயமும் மரியாதையும் சேர்ந்து எப்படி நடந்துக்கணும்னு அவங்ககிட்டதான் கத்துக்கணும். அதுல ரெண்டு பேர், வடிவேல் கோபால், மாசி சடையன், 2023ல பத்மஸ்ரீ வாங்கினாங்க.

தெரு நாய்க்குச் சாப்பாடு வைக்கிறவங்க தண்ணியும் வைங்க, வாகனம் போற வழிய விட்டுத் தள்ளி வைங்க, சாக்லேட் வேண்டவே வேண்டாம், முடிஞ்சா கருத்தடையும் தடுப்பூசியும் போட ஏற்பாடு பண்ணுங்க, சோறு மட்டும் போட்டுட்டு விட்டா பாதி வேலைதான். பல்லு பட்டுச்சுன்னா சின்னக் கீறலா இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்குப் போயிருங்க, மஞ்சளும் சுண்ணாம்பும் வச்சிட்டு உக்காராதீங்க.

கீழ விழுந்த குஞ்சு

காத்து மழை முடிஞ்ச மறுநாள் எல்லார் வீட்டுப் பசங்களும் ஒரு குஞ்சைக் கையில ஏந்திட்டு வருவாங்க. இது ஒரு பெரிய பரீட்சை, ஏன்னா இங்க பாசம் பொங்கும், பொங்குற பாசத்துல நாம செய்யுறது பெரும்பாலும் தப்பா போயிடும்.

முதல்ல பாருங்க, இறகு இருக்கா. உடம்பெல்லாம் இறகு மூடி, குட்டை வாலோட தத்தித் தத்திப் போகுதுன்னா அது விழுந்த குஞ்சே இல்ல, பறக்கப் பழகுற குஞ்சு. அப்பாவோ அம்மாவோ பக்கத்துலயே எங்கயோ உக்காந்து உங்களைத் திட்டிட்டு இருப்பாங்க. பூனை நாய் இல்லாத பக்கமா ஒரு புதர்லயோ தாழ்வான கிளையிலயோ வச்சிட்டு தூரமா வந்துருங்க, அவ்ளோதான். இறகே முளைக்காம சிவப்பா கண்ணு மூடி இருந்துச்சுன்னா மேல கூடு தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா மெதுவா எடுத்து திருப்பி வைங்க. மனுஷன் தொட்டா தாய் சேர்த்துக்காதுன்னு பாட்டிங்க சொல்வாங்க, அது நிஜம் இல்ல, சேர்த்துக்கும். கூடு எட்டாத உயரத்துல இருந்தா சின்னக் கூடையில தேங்கா நாரு போட்டு அதே மரத்துல கட்டி வச்சாலும் தாய் வந்து ஊட்ட வாய்ப்பு உண்டு. பால், பிஸ்கட், சோறு எதுவும் ஊட்டாதீங்க, வாய்க்குள்ள தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும். அடிபட்டிருந்துச்சுன்னா ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ள பழைய காட்டன் துணி, இருட்டு, அமைதி, அப்புறம் கால்நடை மருத்துவர்.

பசங்க கூட இருந்தா அவங்களையும் சேர்த்து தூரமா உக்கார வச்சு தாய் வர்ற வரைக்கும் பார்க்கச் சொல்லுங்க. அரை மணி நேரம் கூட ஆகும். ஒன்னும் செய்யாம, ஆனா விட்டுட்டும் போகாம உக்காந்திருக்குறது இருக்கே, பெரியவங்களாலயே முடியாத காரியம் அது.

ஊரே சேர்ந்து செஞ்சது

இது தனி ஆள் சமாச்சாரம் மட்டும்னு நினைச்சுக்காதீங்க. சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கு, அதை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டின்னு ஒரு ஊரு. கண்மாய்க்கு வர்ற பறவைங்க பயந்துடக் கூடாதுன்னு அந்த ஊர்ல தீபாவளிக்கு வெடியே வெடிக்கிறது இல்ல, பல பத்து வருஷமா. சின்னப் பசங்க இருக்குற ஊர்ல வெடி இல்லாத தீபாவளின்னா சும்மா இல்லங்க. வேடந்தாங்கல்லயும் அப்படித்தான், பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி பாயுற வயல் நல்லா விளையும்னு விவசாயிகளுக்குத் தெரியும், வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க பறவையச் சுட்டப்ப கலெக்டர்கிட்ட முறையிட்டு சுடக் கூடாதுன்னு எழுத்துலயே வாங்கினாங்க, 18ஆம் நூற்றாண்டு கடைசியில. லாபம் கணக்குப் பார்த்துத்தானே காப்பாத்தினாங்க, இதுல என்ன புனிதம்னு ஒருத்தர் என்கிட்ட வாதம் பண்ணினார். எனக்கு அதுல வித்தியாசமே தெரியல, எச்சத்துல விளைஞ்ச நெல்லுதானே பொங்கப்பானையில போகுது.

சாமிக்குன்னு ஊரே வெட்டாம விட்டு வச்ச கோவில்காடு ஒன்னுக்கும் போயிட்டு வாங்க. பாண்டிச்சேரி பக்கம் இருக்கவங்களுக்கு புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கு, கடலோரத்துல முன்னாடி இருந்த, வறண்ட மாசத்துலயும் பச்சையாவே நிக்குற உலர் பசுமைக் காடு அந்த மாதிரி இடங்கள்லதான் துண்டு துண்டா தப்பிச்சிருக்கு. மதுரைக்காரங்களுக்கு அரிட்டாபட்டி, 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க, குடைவரைக் கோயிலும் சமணர் படுக்கையும் ராஜாளிப் பறவைகளும் ஒரே மலையில. அடுத்து 2025ல திண்டுக்கல் மாவட்டத்துல காசம்பட்டி வீரகோயில் காட்டுக்கு அதே அந்தஸ்து கிடைச்சுது. போனா திருவிழா இல்லாத நாளா போங்க, செருப்பை எங்க கழட்டணும்னு ஊர்க்காரங்ககிட்ட கேளுங்க, சுள்ளி கூட ஒடிக்காதீங்க, நிறைய கோவில்காட்டுல விழுந்த விறகைக் கூட வீட்டுக்குக் கொண்டு போக மாட்டாங்க. சாமி கும்பிட்டு முடிச்ச கையோட கிளம்பாம ஒரு மரத்தடியில உக்காருங்க. சில ஊர்ல கும்பாபிஷேகம்னு காட்டைச் சுருக்கி கான்கிரீட்டைப் பெருக்கிட்டே வர்றாங்க, அய்யனாருக்கு காடுதான் வீடுன்னு யாராவது எடுத்துச் சொன்னா நல்லது.

ஒன்னுமே தோணாத நாள்

வரும். நிறைய வரும். மரம் மரமாத்தான் தெரியும், சட்டி தேய்க்க எரிச்சலா இருக்கும், குயில் கத்தினா தூக்கம் போச்சேன்னு இருக்கும். அன்னைக்கு ஃபீலிங்க எதிர்பார்க்காம வேலைய மட்டும் செஞ்சிட்டுப் போங்க. தண்ணி மாத்துறதுக்கு மனசு நெகிழணும்னு ஒன்னும் இல்ல, குடிக்க வர்ற மைனாவுக்கு உங்க மூட் என்னன்னு தெரியவும் தெரியாது. ஊர்ல பாட்டிங்க உலையில அரிசி போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து தனிப் பானையில போட்டு வைப்பாங்கல்ல, பிடி அரிசின்னு, தினமும் கண்கலங்கியா போட்டாங்க? பேசிக்கிட்டே, மருமகளைத் திட்டிக்கிட்டே போட்டாங்க, மாசக் கடைசியில யாரோ ஒருத்தர் வயிறு நிறைஞ்சுது.

மனுஷங்க

இதைக் கடைசியா வச்சதுக்குக் காரணம், இதுதான் கஷ்டம். காக்காவைப் பார்க்குறது ஈசி, அது திருப்பிப் பேசாது, சம்பளம் கேக்காது.

வள்ளலார் 1867ல வடலூர்ல தருமசாலை ஆரம்பிச்சப்ப மூட்டுன அடுப்பு இன்னைக்கு வரை அணையலைன்னு சொல்வாங்க, போற யாரையும் என்ன சாதி என்ன மதம்னு கேக்காம சோறு போடுறாங்க. அவரு பசியத்தான் முதல்ல பார்த்தாரு. நாம ஆயிரம் பேருக்குச் சோறு போட முடியாட்டியும் மரத்துக்கிட்ட பழகுன அந்தப் பார்வைய ஒரு நாளைக்கு ஒரு மனுஷன் பக்கம் திருப்பலாம். உங்க அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணனுக்கு உக்கார சேர் இருக்கா, மதியம் ரெண்டு மணிக்கு அந்த சேர் வெயில்லயா நிழல்லயா, அவரு போறதுக்கு பாத்ரூம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? சித்திரையில வாசல்ல ஒரு பானை மோர் வைக்கிறதா இருந்தா டம்ளரை சங்கிலி போட்டுக் கட்டாதீங்க, அதைப் பார்த்தாலே குடிக்கத் தோணாது. டெலிவரி தம்பி மூணு மாடி ஏறி வந்தா "தண்ணி வேணுமா"ன்னு கேக்காதீங்க, வேணாம்னுதான் சொல்வாரு, அடுத்த ஆர்டருக்கு நேரம் ஓடிட்டு இருக்கு, பாட்டிலைக் கையில எடுத்துட்டே கதவைத் திறங்க. "சாப்டீங்களா"ன்னு யாரையாவது கேட்டா பதில் வர்ற வரைக்கும் நில்லுங்க. துக்க வீட்டுக்குப் போனா ஆறுதல் வசனம் எல்லாம் தேட வேண்டாம், பக்கத்துல உக்காந்துட்டு, எழுந்து போறப்ப அடுக்களையில பால் இருக்கா, பசங்க சாப்பிட்டாங்களான்னு பார்த்துட்டுப் போனா போதும்.

குப்பை விஷயம் ஒன்னு பாக்கி இருக்கு. காலையில வண்டியோட வர்றவங்க பெரும்பாலான நாள் வெறுங்கையாலதான் நம்ம குப்பையக் கிளர்றாங்க, க்ளவுஸ் இருந்தாலும் கிழிஞ்சிருக்கும். மக்குறது மக்காததுன்னு பிரிச்சுக் குடுங்க, நாப்கினையும் டயப்பரையும் பேப்பர்ல சுத்தி தனியா வைங்க, ஊசி ப்ளேடு எல்லாம் மூடி போட்ட டப்பாவுல சேருங்க. கண்ணாடி டம்ளர் உடைஞ்சா நாலு மடிப்பு நியூஸ்பேப்பர்ல சுத்தி டேப் ஒட்டி மேல பெருசா கண்ணாடின்னு எழுதி, பையில போடாம அந்தக்கா கையிலயே குடுத்து "பார்த்துக்கா, உள்ள கண்ணாடி இருக்கு"ன்னு சொல்லுங்க.